கைநாட்டு வாங்கிவிட்டு வாக்கியம் எழுதச் சொல்பவர்கள்

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மீதிக் கட்டுரை முழுக்க அதன் மேலான கோபம்தான்.

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம். எங்கள் ஊர் குடியாத்தம். பக்கத்து டவுனில் முதியோர் நினைவாற்றல் ஆய்வு என்று ஒரு முகாம் போட்டிருந்தார்கள். யார் நடத்தியது, எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இது ஒருத்தர் செய்த தப்பு கிடையாது, அதனால்தான் எழுதுகிறேன். இலவசமாக சுகர், பிரஷர் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆயாவை நான்தான் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். ஆயாவுக்கு அப்போது 78 வயசு இருக்கும்.

முதல் மேஜையில் ஒப்புதல் படிவம். ஏழு பக்கம். ஒரு பெண் அதை வேகமாக வாசித்துக் காட்டினார். "கையெழுத்துப் போடுவீங்களாம்மா?" "எனக்குப் படிப்பு இல்ல கண்ணு." சரி என்று ஸ்டாம்ப் பேடை நகர்த்தினார்கள். இடது கைக் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினார்கள். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சாட்சியும் கையெழுத்துப் போட்டார். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

இரண்டாவது மேஜைக்கு எத்தனை தூரம்? பத்தடி இருக்கும். அங்கே, மை காயாத அந்தக் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, "உங்களுக்குத் தோணுற ஒரு வாக்கியத்தை எழுதுங்கம்மா" என்றார்கள்.

ஆயா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. மறதியைப் பற்றிய ஆய்வு, பத்தடிக்கு முன்னால் தானே எழுதிக்கொண்டதை மறந்துவிட்டிருந்தது.

மற்ற கேள்விகளும் அப்படித்தான் போயின.

"இது என்ன வருஷம்மா?" "அது தெரியலயே கண்ணு." தப்பு.

"என்ன மாசம்?" "ஆடி." இளம் மருத்துவர் படிவத்தைப் பார்த்தார். அதில் ஜூலை என்று இருந்தால்தான் மார்க். தப்பு.

"என்ன தேதி?" "அமாவாசைக்கு இன்னும் ஆறு நாளு கீது." தப்பு.

"இது என்ன மாவட்டம்?" "வட ஆற்காடு." தப்பு. வட ஆற்காட்டை 1989-இல் பிரித்தார்கள், அப்புறம் பேரை மாற்றினார்கள், 2019-இல் மிச்சத்தையும் மூன்றாக வெட்டினார்கள். ஆயா அதே வீட்டில்தான் இருந்தாள். மாவட்டம்தான் அவள் மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"நூறுலருந்து ஏழு கழிங்க. வர்றதுலருந்து இன்னொரு ஏழு கழிங்க. அப்படியே அஞ்சு தடவை."

"இன்னாத்துக்குக் கழிக்கணும்? யாருக்குக் குடுக்கறதுக்கு?"

அந்த மருத்துவர் சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டே ஐந்து மார்க்கைக் கழித்தார். பிறகு, அட்டையில் எழுதியிருந்ததைப் படித்து அதன்படி செய்யச் சொன்னார்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னார்கள். முன்பே சொல்லிவைத்திருந்த மூன்று வார்த்தைகளைத் திருப்பிக் கேட்டார்கள், ஆயா இரண்டைச் சொன்னாள்.

மொத்தம் 30-க்கு 17. "மிதமான பாதிப்பு மாதிரி தெரியுது, வீட்ல பாத்துக்கங்க" என்றார்கள்.

அந்தக் கணக்கை நான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து போட்டேன். போன மார்க் 13. அதில் கழித்தலுக்கு 5, வாசிக்க 1, எழுத 1, வரைய 1. ஆக 8 மார்க் பள்ளிக்கூடத்துக்கு. வருஷம், மாதம், தேதி 3, அது ஆங்கிலக் காலண்டருக்கு. மாவட்டம் 1, அது வருவாய்த் துறைக்கு. மறதி என்று நேர்மையாகச் சொல்லக்கூடியது எத்தனை? ஒண்ணு. ஒரே ஒரு வார்த்தை.

ஆயா நாற்பது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றியவள். கட்டுக்கு 25 பீடி, ஆயிரத்துக்கு 40 கட்டு. எடை போட்டு வாங்கிய இலையில் எவ்வளவு தேறும், தூள் எவ்வளவு மிஞ்சும், கடைக்காரர் கழிவு என்று எத்தனை கட்டைத் தள்ளினார், அதில் எத்தனை அநியாயம், வாரக் கடைசியில் கைக்கு எவ்வளவு வரணும், எல்லாம் வாய்க்கணக்கு. இருபது பேர் சேர்ந்த சீட்டு ஒன்றை நோட்டே இல்லாமல் நடத்தினாள். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, பீடிக் கடையில் உருது. யாருக்குக் கொடுப்பது என்று தெரிந்தால் அவள் ஏழென்ன, எழுநூறையும் கழிப்பாள்.

ஆனால் அன்றிலிருந்து வீட்டில் அவள் "மூளை தேயுற கேஸ்". மாமா சீட்டை வாங்கிக்கொண்டார். அத்தை அடுப்புப் பக்கம் போகவிடவில்லை. பீரோ சாவி இடுப்பிலிருந்து போனது. யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை, பயந்துவிட்டார்கள். ஒரு தாளில் 17 என்று எழுதியிருந்ததால் மூன்று மாதம் ஒரு மனுஷி திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

*

இந்தக் கேள்வித்தாளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன். 1975-இல் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹ்யூ என்ற மூன்று பேர் அமெரிக்காவில் எழுதியது. மனநலப் பிரிவில் படுத்திருக்கும் நோயாளியின் அறிவுநிலையை, நேரமே இல்லாத மருத்துவர் ஐந்து பத்து நிமிடத்தில் பார்த்துவிட ஒரு குறுக்குவழி. அந்தக் காரியத்துக்கு அது நல்ல கருவிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் குறுக்குவழி எதுவும் அது புறப்பட்ட இடத்தோடு நிற்பதில்லையே. உலகம் முழுக்கப் போனது. மொழிபெயர்க்கப்பட்டது. மருத்துவ ஆய்வில் முதுமை, மறதி என்ற சொற்கள் வந்தாலே இந்த முப்பது மார்க்கும் பின்னால் வந்தது. 24-க்குக் கீழே போனால் சந்தேகம் என்ற கோடும் கூடவே வந்தது.

அந்தக் கோடு யாருடையது?

1993-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. 18,056 அமெரிக்கர்களிடம் இந்தத் தேர்வை வைத்துப் பார்த்தார்கள். ஒன்பது வருடமோ அதற்கு மேலோ பள்ளிக்குப் போனவர்களின் நடு மதிப்பெண் 29. ஐந்திலிருந்து எட்டு வருடம் போனவர்களுக்கு 26. நான்கு வருடமோ அதற்குக் குறைவோ போனவர்களுக்கு 22.

மறுபடி வாசியுங்கள். 22. கோடு 24-இல். அதாவது அமெரிக்காவிலேயே, வீட்டில் சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருந்தவர்களில், பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர்களில் பாதிப் பேருக்கு மேல் அந்தக் கோட்டுக்குக் கீழே. இந்தத் தாள் மூளையை அளக்கிறதா, வகுப்பறையில் உட்கார்ந்த வருடங்களை அளக்கிறதா என்ற கேள்வி அன்றைக்கே மேஜைமேல் வைக்கப்பட்டுவிட்டது. எனவே "தெரியாமல் செய்தோம்" என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது நம் பக்கம் வாருங்கள். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 8.86 சதவீதம். ஆயாவுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயசு. நூற்றுக்குத் தொண்ணூறு பெண்களுக்கு மேல் கதவே திறக்காத ஒரு பள்ளிக்கூடத்தின் பரீட்சையை, எழுபது வருடம் கழித்து எடுத்துவந்து, ஃபெயில் ஆனால் நோய் என்கிறோம். அன்றைக்கு உள்ளே விடாதது ஒரு அநியாயம். விடாததற்கே இன்றைக்கு மார்க் குறைப்பது அதே அநியாயத்தின் வட்டி.

இதற்குப் பின் வந்த கருவிகள் மேல் என்று சொல்வார்கள். 2005-இல் கனடாவின் மான்ட்ரியலிலிருந்து மோகா வந்தது. இன்னும் நுட்பமானது, உண்மைதான். ஆரம்பக்கட்டச் சரிவைக்கூடப் பிடிக்கும். அதில் கன சதுரம் வரைய வேண்டும், கடிகாரம் வரைந்து முள் வைக்க வேண்டும், எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்க வேண்டும். காண்டாமிருகப் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். படிப்பு குறைந்தவர்களுக்கு என்ன சலுகை என்கிறீர்கள்? பன்னிரண்டு வருடமோ அதற்குக் குறைவோ படித்திருந்தால் ஒரு மார்க் கூட்டிக்கொள்ளலாம். பிளஸ் டூ முடித்தவருக்கும் ஒன்று, பென்சிலே பிடிக்காதவருக்கும் ஒன்று! பிற்பாடு, படிக்காதவர்களுக்கென்றே அதில் தனி வடிவம் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது எத்தனை முகாம்களில் மேஜைக்கு வருகிறது?

இன்னொரு வேடிக்கை. அந்த 1975-ஆம் வருடத்துக் கேள்வித்தாளை இருபத்தைந்து வருடம் உலகமே நகலெடுத்துப் பயன்படுத்தியது. பிறகு 2001-இல் அதன் உரிமம் ஒரு அமெரிக்க நிறுவனத்திடம் போனது, படிவத்துக்குக் காசு என்றானது. ஹார்வர்டைச் சேர்ந்தவர்கள் பதினாறு கேள்வியில் இலவசமாக ஒரு கருவி செய்து வெளியிட்டார்கள், பதிப்புரிமைப் பிரச்சினை வந்து அதுவும் இணையத்திலிருந்து இறங்கியது. நமக்குப் பொருந்தாத சட்டை. அதற்கும் வாடகை.

*

"இதெல்லாம் முதல்கட்டச் சலிப்பு மட்டும்தானே, அப்புறம் நிபுணர் பார்ப்பாரே" என்பார்கள். பார்ப்பார். ஆனால் சலிப்பில் விழுந்தவர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் பார்க்கணும்.

லெக்கானமாப் என்ற அல்சைமர் மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023-இல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் வருடத்துக்கு 26,500 டாலர். அதன் பெரிய பரிசோதனையில் 1,795 பேர், 18 மாதம். 18 புள்ளி அளவுகோலில், மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் 0.45 புள்ளி வித்தியாசம். அந்த அரைப் புள்ளிகூட இல்லாத வித்தியாசம் ஒரு குடும்பத்துக்கு என்ன அர்த்தம் என்று மருத்துவர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் கேள்வி வேறு. அந்தப் பரிசோதனைக்குள் நுழைய நம் முப்பது மார்க் தேர்வில் 22-இலிருந்து 30-க்குள் எடுத்திருக்க வேண்டும்.

புரிகிறதா? பள்ளிக்கூடம் போகாத ஒருத்தருக்கு நிஜமாகவே ஆரம்பக்கட்ட அல்சைமர் இருந்தால், அவர் மார்க் 22-ஐத் தாண்டுவது கஷ்டம். வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார். நோய் இல்லாதபோது நோயாளி என்று எண்ணுவதும் அதே தாள், நோய் இருக்கும்போது உள்ளே வராதே என்பதும் அதே தாள். மூளை நோய்க்கான மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற மனித அறிவு, படித்த மூளைகளிலிருந்து மட்டுமே திரட்டப்படுகிறது. பிறகு அதை எல்லோருக்குமான அறிவியல் என்கிறோம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். அதைத் தாண்டிக் குதிக்க எனக்கு இஷ்டமில்லை. "படிப்பு குறைந்தவர்களுக்கு டிமென்ஷியா நிஜமாகவே அதிகம் வருகிறது. லான்செட் ஆணையம் தவிர்க்கக்கூடிய ஆபத்துக் காரணங்களில் படிப்புக் குறைவையும் வைத்திருக்கிறதே?" ஆமாம், வைத்திருக்கிறது. 2024 அறிக்கையிலும் இருக்கிறது. படிப்பு மூளைக்குச் சேமிப்பு என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் இந்தத் தாள் இன்னும் ஆபத்து. படிக்காததால் ஆபத்து கூடியவர் யார், படிக்காததால் மார்க் மட்டும் குறைந்தவர் யார் என்று பிரிக்கத் தெரியாத கருவியை வைத்துக்கொண்டு இந்த உறவை எப்படி அளப்பது? தராசே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது சரக்கின் எடையைப் பற்றி என்ன பேசுவது?

அப்புறம், பள்ளிக்கூடம் மட்டும்தான் மூளைக்கு உரமா? 2013-இல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்தார்கள். ஒன்றுக்கு மேல் மொழி பேசுபவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. பீடிக் கடையில் உருதில் சண்டை போட்ட ஆயாவுக்கு அந்த முப்பதில் இதற்கு எத்தனை மார்க்? பூஜ்யம். அந்தக் கேள்வியே கிடையாது.

*

"சரி, வேற வழி என்ன இருக்கு?" இந்த வரியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சோம்பல், எதார்த்தம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வரும்போது இப்படித்தான் பேசும். வழி இருந்தது. முப்பது வருடமாக இருக்கிறது.

ஹரியானாவில் பல்லப்கர் என்று ஓர் இடம். 1990-களில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் அங்கே கிராமத்து முதியவர்களிடம் போனார்கள். பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். மேரி கங்குலியும் குழுவினரும் அந்தக் கேள்வித்தாளை மொழிபெயர்க்கவில்லை, பிரித்துப்போட்டுத் திரும்பக் கட்டினார்கள். ஒரு வாக்கியம் எழுது என்பதற்குப் பதில், உன் வீட்டைப் பற்றி ஏதாவது சொல். கண்ணை மூடு என்ற அட்டையைப் படிப்பதற்குப் பதில், ஆய்வாளர் தன் கண்ணை மூடிக்காட்டுவார், அதைப் பார்த்துச் செய்ய வேண்டும். 1995-இல் இது அச்சில் வந்துவிட்டது. எவ்வளவு எளிது பாருங்கள். வீட்டைப் பற்றிச் சொல்லு என்று கேட்டிருந்தால், ஆயாவிடம் முகாம் முடிகிறவரை பேச்சை நிறுத்தியிருக்க முடியாது.

அடுத்து, கனடாவின் மனிடோபாவில் க்ரீ பழங்குடியினருக்காக உருவான ஒரு முறை. பிறகு நைஜீரியாவின் இபாடானுக்கும் போனது. அதில் பாதி முதியவரிடம் கேட்பது, மீதிப் பாதி அவரோடு வாழ்பவரிடம் கேட்பது. முன்பு செய்துகொண்டிருந்த எதை இப்போது செய்ய முடியவில்லை? பாதை தவறுகிறாரா? சொன்னதையே சொல்கிறாரா? ஒருவரை ஊரோடு ஒப்பிடாமல், அவரோடேயே ஒப்பிடுவது. நேற்றைய ஆயாவோடு இன்றைய ஆயாவை.

1998-இல் கொச்சியில் கூடியவர்கள் இதையெல்லாம் சேர்த்து 10/66 என்ற ஆய்வுக்குழுவைத் தொடங்கினார்கள். பெயரிலேயே குற்றச்சாட்டு இருக்கிறது. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர நாடுகளில், ஆனால் அவர்களைப் பற்றிய மக்கள்தொகை ஆய்வு 10 சதவீதம்கூட இல்லை. 2003-இல் அவர்களின் முறை 25 மையங்களில் சோதிக்கப்பட்டது. டிமென்ஷியா உள்ளவர்களில் 94 சதவீதம் பேரைப் பிடித்தது. நலமாக இருந்தவர்களைத் தவறாக நோயாளி என்றது படித்தவர்களில் 3 சதவீதம், படிப்பு குறைந்தவர்களில் 6 சதவீதம். இடைவெளி முழுக்கப் போகவில்லை, ஆனால் எவ்வளவு சுருங்கிவிட்டது! அந்தக் குழுவின் பெரிய ஆய்வு நடந்த ஊர்களில் சென்னையும் உண்டு, எங்கள் வேலூர் வட்டாரமும் உண்டு. முகாம் போட்டவர்களுக்குப் பக்கத்து மேசையிலேயே சாவி இருந்தது.

*

இவ்வளவு நேரம் கைதட்டிக்கொண்டு வாசித்தவர்கள் கையைக் கீழே இறக்குங்கள். இனி நம்ம முறை.

அந்த 10/66 குழு 2008-இல் லான்செட்டில் வெளியிட்ட கட்டுரையில் ஓர் எண் இருக்கிறது. ஏழு நாடுகள், 11 இடங்கள், 65 வயதுக்கு மேற்பட்ட 14,960 பேர். டி.எஸ்.எம். 4 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டின்படி டிமென்ஷியா எங்கே அதிகம்? கியூபாவில், 6.3 சதவீதம். எங்கே குறைவு? கிராமப்புற இந்தியாவில், 0.3 சதவீதம். கிராமப்புற இந்தியா என்று அங்கே எழுதியிருப்பது வேலூர்.

ஆயிரத்துக்கு மூன்று பேர். வாட்ஸ்அப்பில் இந்த எண் மாட்டினால் என்ன ஆகும் தெரியுமா? "கேழ்வரகுக் கூழ் தின்ற மூளைக்கு மறதியே வராது" என்று ஃபார்வர்டு கிளம்பும். ஆனால் காரணம் கூழ் இல்லை. அந்தக் கையேட்டின்படி நோய் என்று சொல்ல, நினைவு குறைந்தால் மட்டும் போதாது, அதனால் அன்றாட வாழ்வு கெட்டிருக்கவும் வேண்டும். அதை வீட்டில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும். சோதனையில் முதியவரின் நினைவு குறைந்திருப்பது தெரிகிறது. வீட்டில் கேட்டால், "ஒண்ணும் இல்லையே, நல்லாத்தான் இருக்காரு. வயசானா அப்படித்தான்." வசதி குறைந்த இடங்களில் வீட்டார் இப்படிச் சரிவைச் சொல்லாமல் விடுவது அதிகம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அதே மக்களை 10/66 முறையில் அளந்தபோது, பதினொரு இடங்களிலும் 5.6-இலிருந்து 11.7 சதவீதம் வரை வந்தது. பின்னால் இந்திய அளவில் நடந்த பெரிய ஆய்வு, 60 வயதுக்கு மேல் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர் என்றது. 0.3 எங்கே, 7.4 எங்கே? நடுவில் இருப்பவர்கள் எல்லாம் நம் வீட்டுத் திண்ணையில் இருப்பவர்கள்.

ஏன் தெரியவில்லை? அவர்களிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. சாப்பாடு கொடுத்துவிடுகிறோம். முடிவுகளை நாமே எடுத்துவிடுகிறோம். கடைக்கு அனுப்புவதில்லை, கணக்குக் கேட்பதில்லை. எதையுமே செய்யவிடாத ஒருத்தரால் எது செய்ய முடியாமல் போனது என்று எப்படித் தெரியும்? அதற்குப் பாசம் என்று பேர் வைத்திருக்கிறோம்.

எங்கள் சின்னத் தாத்தா தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ரிட்டயர் ஆனவர். அதே முகாமுக்கு அவரும் வந்தார். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்து, இரண்டு மொழியில் வாக்கியம் எழுதி, 28 வாங்கினார். "சூப்பர் சார்" என்றார்கள். அப்போதே அவர் மூன்று முறை ஒரே மின்கட்டணத்தைக் கட்டியிருந்தார். சின்ன ஆயாவை அவருடைய அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். சின்ன ஆயாவை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும், "வயசாயிடுச்சில்ல" என்றுதான் சொல்லியிருப்பாள். அடுத்த வருடம் தீபாவளிக்கு முந்தின நாள் காட்பாடிக்குப் போகிறேன் என்று கிளம்பியவரை இரண்டு நாள் கழித்து ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் கண்டுபிடித்தோம். படித்த மூளை பரீட்சையில் ரொம்ப நாள் பாஸ் பண்ணிக்கொண்டே இருக்கும். அதுவும் இந்தத் தாளின் இன்னொரு பக்கம்.

ஒரே குடும்பம். நோய் இல்லாதவளுக்கு 17, நோய் வந்தவருக்கு 28. ஆய்வு தப்பான கேள்வியைக் கேட்டது. வீடு கேள்வியே கேட்கவில்லை. இரண்டும் சேர்ந்துதான் இந்தக் காரியத்தைச் செய்தன.

*

எனவே, ஆய்வு செய்பவர்களிடம் சில விஷயங்களைக் கேட்கிறேன். வேண்டுகோள் இல்லை, கேள்வி.

கைநாட்டு வாங்கிய பிறகு அதே ஆளிடம் எழுதச் சொல்லும் படிவத்தை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்? தமிழ்நாட்டு முதியவர்களைப் பற்றி ஒரு சதவீதத்தை வெளியிடும்போது, எந்தக் கேள்வித்தாள், எத்தனை பேர் பள்ளிக்கூடம் போகாதவர்கள், அவர்களுக்குத் தனிக் கோடு போட்டீர்களா என்பதை அதே வரியில் ஏன் சொல்வதில்லை? கூட வாழ்பவரிடம் அரைமணி நேரம் பேசாமல் ஒருவருக்கு எண் கொடுக்க உங்களுக்கு எப்படி மனசு வருகிறது? காது கேட்கிறதா, கண்ணில் புரை இருக்கிறதா, மனச்சோர்வு இருக்கிறதா என்று முதலில் பார்த்தீர்களா? 10/66 முறையிலேயே மனச்சோர்வில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேர் டிமென்ஷியா என்று தவறாக எண்ணப்பட்டார்கள். உங்கள் பத்து நிமிடத் தாளில் எத்தனை பேர்? அப்புறம், எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அந்த வீட்டுக்கு யாராவது திரும்பிப் போனீர்களா?

நம்மிடமும் கேட்கிறேன். இதை வாசிக்கும் உங்களுக்கு இருபதோ முப்பதோ வயசு. வீட்டில் ஒரு ஆயா, தாத்தா இருப்பார்கள். போன மாதம் அவர்களிடம் "சாப்டியா" தவிர என்ன கேட்டீர்கள்? அவர் எதில் கெட்டிக்காரர், எதை இன்னும் செய்கிறார், எதை விட்டுவிட்டார் என்று உங்களால் சொல்ல முடியுமா? நாளைக்கு ஒரு நல்ல ஆய்வாளர் வந்து, சரியான கேள்வித்தாளோடு உட்கார்ந்து, "இவங்க முன்னாடி எப்படி இருந்தாங்க?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அந்தப் பாதி வினாத்தாள் நமக்கானது. அதில் நாம் எத்தனை வாங்குவோம்?

ஆயா கதையை முடிக்கிறேன். மூன்றாம் மாதம், சீட்டுப் பணம் பிரிக்கும் நாள். மாமா நோட்டை வைத்துக்கொண்டு கூட்டிக் கூட்டிப் பார்க்கிறார், ஆயிரம் ரூபாய் இடிக்கிறது. திண்ணையிலிருந்து ஆயா குரல் கொடுத்தாள்: "பங்கஜம் போன மாசம் குடுக்கல, அதுக்கு முந்தின மாசம் ரெண்டா குடுத்துச்சு. நீ அதையும் வரவு வெச்சி இதையும் கேட்டுகினு கீற." மாமா ஒன்றும் பேசவில்லை. சாவியை எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

நான் அந்த முகாம் நடத்தியவர்களைத் தேடிப் போய், அவளை மறுபடி பார்க்கச் சொன்னேன். ஆய்வு முடிந்துவிட்டது, தரவுகள் அனுப்பியாகிவிட்டது என்றார்கள். எங்கே அனுப்பினார்கள் என்று தெரியாது. ஏதோ ஒரு கணினியில், ஒரு அட்டவணையின் ஒரு வரியில், வயது 78, பெண், கல்வி 0, மதிப்பெண் 17 என்று இன்னும் உட்கார்ந்திருப்பாள். அவளையும் கூட்டித்தான் யாரோ சதவீதம் போட்டிருப்பார்கள்.

அந்த வரியைத் திருத்துங்கள். திருத்த முடியாதென்றால், அடுத்த முகாமிலாவது முதல் மேஜையில் இருப்பவர் இரண்டாவது மேஜைக்கு ஒரு குரல் கொடுக்கட்டும்: இந்தம்மாவுக்குப் பென்சில் வேண்டாம், வீட்டைப் பத்திக் கேளுங்க.